2025-ஐத் தமிழ் எண்ணில் எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு சிறிய அச்சகத்தில் பத்திரிகையும் பெயர்ப்பலகையும் வடிவமைக்கிறேன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வாரத்துக்கு நாலு பேராவது "தேதியைத் தமிழ் எண்ணில் போட்டுக் கொடுங்க" என்று வந்து நிற்கிறார்கள். பாதிப் பேர் கையிலேயே எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் பாதி தப்பாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய், வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்வி எண்களும் தமிழில்தான். முதல் மூன்று பதில்களைப் படித்துவிட்டால் மற்ற கேள்விகளின் எண்களைத் தடுக்காமல் படிக்க முடியும்.

௧. தமிழுக்குன்னு தனி எண் இருக்கா? மொத்தம் எத்தனை?

இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒன்பது குறிகள்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. ஆக மொத்தம் பன்னிரண்டு. பழைய முறையில் எவ்வளவு பெரிய தொகையையும் இந்தப் பன்னிரண்டை வைத்தே எழுதிவிடலாம்.

சுழியம் ௦ எங்கே என்று உடனே கேட்பீர்கள். கேள்வி ௫ வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

௨. இதையெல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எழுத்துகளின் சாயலில்தான் இருக்கின்றன. ௧ என்பது க, ௨ என்பது உ, ௪ என்பது ச, ௭ என்பது எ, ௮ என்பது அ. ௫ கொஞ்சம் ரு மாதிரி, ௬ கொஞ்சம் சு மாதிரி, ௯ கூ மாதிரி, ௰ ய மாதிரி. ௩ மட்டும் ங-வின் சாயலில் இருக்கும், அதைத்தான் முதலில் எல்லோரும் மறக்கிறார்கள்.

நினைவில் வைக்க ஒரு வாக்கியம் ஊரெல்லாம் சுற்றுகிறது: "கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்." ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் எடுத்தால் ஒன்று முதல் ஒன்பது வரை வந்துவிடும். நனைச்சு என்பதை ஙனைச்சு ஆக்கியது வேண்டுமென்றேதான். ங-வில் தொடங்கும் சொல்லுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? ஆறுக்கு மட்டும் சாப்பிட்டேன் என்று சா வருகிறது, வடிவமோ சு-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கால் போட்டு எழுதிவிடாதீர்கள்.

௩. சரி, பத்துக்கு மேலே எப்படி எழுதுறது?

வாயால் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் இருக்கும் அத்தனை பதிலும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

பதினொன்று என்றால் பத்து, அப்புறம் ஒன்று: ௰௧. இருபது என்றால் இரண்டு பத்து: ௨௰. இருபத்தைந்து: ௨௰௫. நூற்று ஐம்பத்தாறு: ௱௫௰௬. மூவாயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டு: ௩௲௭௱௮௰௨. இதை விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். மூன்று ஆயிரம், ஏழு நூறு, எட்டு பத்து, இரண்டு. எண்ணை எழுதியது போலவே இல்லை, பேச்சைச் சுருக்கெழுத்தில் எழுதியது போல இருக்கும். தலைப்பில் கேட்ட 2025 இரண்டாயிரத்து இருபத்தைந்து, அதாவது ௨௲௨௰௫.

௪. நூறுக்கும் ஆயிரத்துக்கும் முன்னாடி ௧ போடணுமா?

வேண்டாம். 'ஒரு நூற்று ஐந்து' என்றா சொல்கிறோம்? நூற்றைந்து என்கிறோம். அதனால் ௱௫. அதேபோல் 1947 என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, ௲௯௱௪௰௭. முன்னால் ௧ போட்டு ௧௲௯௱௪௰௭ என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் உண்டு. பொருள் மாறிவிடாது, ஆனால் தேவையில்லாத ஒரு குறி. 1111-ஐ எழுதிப் பாருங்கள்: ௲௱௰௧. நாலே குறி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ௧ சேர்த்தால் ஏழாகிவிடும்.

௫. 2005-ல நடுவுல ரெண்டு சைபர் வருதே, அதை எப்படி எழுதுறது?

எழுதவே வேண்டாம். 2005-ஐச் சொல்லும்போது வாயில் எங்காவது சைபர் வருகிறதா? இரண்டாயிரத்து ஐந்து. ௨௲௫, முடிந்தது. ஐந்நூற்று ஐந்து ௫௱௫. இருபதாயிரம் ௨௰௲.

நாம் பள்ளியில் படித்த முறையில் இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இடம் காலியாக இருந்தால் அதைப் பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள்தான் சைபர். பழைய தமிழ் முறையில் ௰, ௱, ௲ மூன்றும் தாங்கள் யார் என்பதைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. நூறு இல்லையென்றால் ௱ வராது, அவ்வளவுதான். இடம் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. சுழியம் என்ற கருத்து தெரியாமல் இப்படி எழுதினார்கள் என்று சிலர் பேசுவதுண்டு. இந்த எழுத்து முறைக்கு அது தேவைப்படவில்லை என்பதே சரி.

௬. ஆனா நெட்ல தேடினா ௨௦௨௫-னு வருதே, அது தப்பா?

தப்பில்லை, அது வேறு முறை. தமிழ்க் குறிகளை எடுத்துக்கொண்டு, 1, 2, 3 எழுதும் விதத்திலேயே இடமதிப்பு வைத்து எழுதுவது. பழைய அச்சுப் புத்தகங்களின் முகப்பிலேயே இரண்டு முறையையும் பார்க்கலாம். ஒருவர் ௲௮௱ என்று ஆண்டைத் தொடங்குவார், இன்னொருவர் ௧௮ என்று தொடங்குவார். கணினிக்கான யூனிகோடு தரத்தில் ௧ முதல் ௲ வரை முன்பே இருந்தன, ௦ மட்டும் 2005-இல் வெளிவந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால் சுழியத்துக்கு ஆங்கில ஓ எழுத்தையும் சாதாரண 0-வையும் போட்டு ஒப்பேற்றினோம்.

தப்பு எதுவென்றால் இரண்டையும் கலப்பது. ஒரு முறை கிரானைட் பலகைக்கு 2019 என்று போட வேண்டியிருந்தது. நான் தட்டச்சு செய்து கொடுத்தது ௨௦௰௯. 'இருபது' வரை இடமதிப்பு, 'பத்தொன்பது' வந்ததும் பழைய முறை. ஆங்கிலத்தில் 'ட்வென்டி நைன்டீன்' என்று மனசுக்குள் படித்துக்கொண்டே அடித்ததன் பலன். கல் வெட்டுபவர் உளியை வைக்கப்போகும் நேரத்தில், "தம்பி, இதுல சைபரும் இருக்கு, பத்தும் இருக்கு, ரெண்டும் எதுக்கு?" என்று போனில் கேட்டார். அன்று அவர் கேட்டிருக்காவிட்டால் அந்தக் கல்லின் விலை என் சம்பளத்தில்தான் போயிருக்கும். ௨௦௧௯ அல்லது ௨௲௰௯, இரண்டில் ஒன்று.

௭. அப்போ எங்கே எதைப் போடுறது? போன் நம்பரை எப்படி எழுதுவீங்க?

வாயை மறுபடி கேளுங்கள். தொகையாகச் சொல்வதைப் பழைய முறையில் எழுதலாம்: ஆண்டு, வயது, அதிகாரம், பக்கம், எத்தனையாவது நினைவு நாள் என்பது போன்றவை. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வதை இடமதிப்பு முறையில்தான் எழுத வேண்டும்: போன் நம்பர், பின்கோடு, வங்கிக் கணக்கு எண். பத்து இலக்கப் போன் நம்பரை 'தொள்ளாயிரத்து நாற்பது கோடியே' என்று யாரும் சொல்வதில்லை.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், பத்திரிகையில் போன் நம்பரைத் தமிழ் எண்ணில் போடவே வேண்டாம். வழி தெரியாமல் மண்டபத்துக்கு முன்னால் நின்று அழைக்கும் மாமா, ௬-க்கும் ௯-க்கும் வித்தியாசம் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

௮. தொண்ணூறுல 'நூறு' வருது, தொள்ளாயிரத்துல 'ஆயிரம்' வருது. அப்போ ௱, ௲ போடணுமா?

'சொல்வது போல எழுது' என்ற விதி சறுக்குகிற இடம் இந்த ஒன்றுதான். 90 என்பது ஒன்பது பத்து, ௯௰. 900 என்பது ஒன்பது நூறு, ௯௱. ஒலி அடுத்த படிக்குத் தாவிவிட்டது, கணக்கு தாவவில்லை. ஒன்பதாயிரம் மட்டும் ஒலியும் கணக்கும் ஒத்துப்போய் ௯௲ என்று வருகிறது.

பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றும் ஒரு பெயர் உண்டு. தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டின் தலையிலும் இருப்பது அந்த உறவுதான். எண்பது வரை 'பது' என்று ஒழுங்காக வந்துவிட்டுத் தொண்ணூறில் திடீரென்று நூறு வருவதைப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். 1999-ஐ எழுதச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள், பாதிப் பேர் இதில்தான் விழுவார்கள். விடை ௲௯௱௯௰௯.

௯. லட்சம், கோடிக்குக் குறி இருக்கா?

தனியாக இல்லை. லட்சத்தை நூறாயிரம் என்று சொன்ன காலத்து முறை இது, எனவே ௱௲. எட்டு லட்சம் ௮௱௲. பத்து லட்சம் ௰௱௲. கோடி என்பது நூறு நூறாயிரம், ௱௱௲. ஒன்றரை லட்சம் நூற்று ஐம்பது ஆயிரம், ௱௫௰௲.

12,34,567-ஐ எழுதுங்கள் என்று ஒருவர் விடாப்பிடியாகக் கேட்டார். ௰௨௱௩௰௪௲௫௱௬௰௭. எழுதலாம், படிப்பவர் பாவம். அந்த அளவுக்குப் போகும்போது '௰௨ லட்சத்து ௩௰௪௲௫௱௬௰௭' என்று லட்சத்தைச் சொல்லாகவே வைத்துவிடுவது கண்ணுக்கு நல்லது.

௰. ௰௲ எழுதினாலும் ௲௰ எழுதினாலும் ஒண்ணுதானே?

இல்லவே இல்லை. ௰௲ பத்தாயிரம். ௲௰ ஆயிரத்துப் பத்து. சின்னது பெரியதற்கு முன்னால் நின்றால் பெருக்க வேண்டும், பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். ௱௲ லட்சம், ௲௱ ஆயிரத்து நூறு. சில்லறையாக வெறும் இரண்டு குறி இடம் மாறியதில் 98,900 காணாமல் போகிறது. மொய்க் கணக்கில் இந்த விளையாட்டு வேண்டாம்.

௰௧. எங்க தாத்தா நோட்டுல தமிழ் எண் இருக்கு. அதை எப்படி வழக்கமான எண்ணா மாத்துறது?

முதலில் ௲ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் இருப்பது எல்லாம் 'எத்தனை ஆயிரம்' என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பதில் ௱-ஐத் தேடுங்கள், அதற்கு முன்னால் இருப்பது எத்தனை நூறு. பிறகு ௰. கடைசியில் மிஞ்சுவது ஒன்றுகள். குறிக்கு முன்னால் எதுவும் இல்லையென்றால் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கேள்வி ௪-இல் பார்த்தோம்.

௨௰௫௲௬௱ என்று இருக்கிறது. ௲-க்கு முன்னால் ௨௰௫, இருபத்தைந்து ஆயிரம். பின்னால் ௬௱, அறுநூறு. 25,600. நோட்டில் ௦ தென்பட்டாலோ, ௰, ௱, ௲ எதுவும் இல்லாமல் நாலைந்து இலக்கம் வரிசையாக இருந்தாலோ, அது கேள்வி ௬-இல் சொன்ன இடமதிப்பு முறை; நேராகப் படித்துவிடலாம்.

கையெழுத்தில் ஒரு தொல்லை உண்டு. ௰-வும் ய-வும், ௭-வும் எ-யும் ஒன்று போலவே இருக்கும். சொல்லா எண்ணா என்பதை வரியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் ௹ என்ற ரூபாய்க் குறியோ, வரவுக்கான ௷ குறியோ, பற்றுக்கான ௶ குறியோ இருந்தால் எண் என்று நம்பலாம். ௸ இருந்தால் 'மேற்படி', அதாவது மேலே சொன்ன அதே ஆள் அல்லது அதே பொருள்.

௰௨. இது ரோமன் எண் மாதிரிதானே?

சைபர் இல்லை, பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி உண்டு என்ற அளவில் ஒற்றுமை. அதோடு சரி. ரோமன் முறையில் 30 எழுத பத்தின் குறியான எக்ஸை மூன்று தடவை எழுத வேண்டும். 40 வந்தால் ஐம்பதின் குறிக்கு முன்னால் பத்தைப் போட்டுக் கழிக்க வேண்டும். தமிழில் எத்தனை பத்து என்பதை ஓர் இலக்கமே சொல்லிவிடுகிறது: ௩௰, ௪௰. கழித்தல் என்ற பேச்சே கிடையாது. சின்னது முன்னால் வந்தால் ரோமானியர் கழித்தார்கள், நம்மவர்கள் பெருக்கினார்கள்.

1888-ஐ ரோமனில் எழுத பதின்மூன்று எழுத்து வேண்டும். தமிழில் ௲௮௱௮௰௮, ஆறு குறி. நெருங்கிய சொந்தம் வேண்டுமென்றால் ரோமுக்குப் போக வேண்டாம், பாலக்காட்டைத் தாண்டினால் போதும். பழைய மலையாள எண்களிலும் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு.

௰௩. பழைய பத்திரிகையில ௵ ௴ ௳ என்று போட்டிருக்காங்க. அதுவும் எண்ணா?

எண் இல்லை, சுருக்கக் குறிகள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். எண்ணுக்கோ பெயருக்கோ பின்னால் வரும். 2025 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு. அதை 'விசுவாவசு ௵ சித்திரை ௴ ௧ ௳' என்று எழுதலாம். அதே மாதம் இருபத்தைந்தாம் தேதி என்றால் '௨௰௫ ௳'.

அடிக்கடி பார்க்கும் பிழை, '௵ வருடம்' என்று இரண்டையும் எழுதுவது. வருடம் வருடம் என்று படிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ஆங்கிலத் தேதியையும் தமிழ்த் தேதியையும் குழப்புவது. 14-4-2025-இல் இருக்கும் 14 ஆங்கிலத் தேதி. தமிழ்த் தேதி ௧. தமிழ் எண்ணில் எழுதிவிட்டதால் மட்டும் ஆங்கிலத் தேதி தமிழ்த் தேதி ஆகிவிடாது. பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று கவுன்ட்டரில் எழுதியே ஒட்டிவிட்டேன்.

௰௪. திருவள்ளுவர் ஆண்டு போட்டா எவ்வளவு கூட்டணும்?

31. 2025 என்றால் 2056, ௨௲௫௰௬. ஆண்டு தை முதல் நாளில் மாறுகிறது என்பதால், பொங்கலுக்கு முந்தைய சனவரி நாள்களுக்கு 30 மட்டும் கூட்ட வேண்டும்.

௰௫. அரை, கால் இதுக்கெல்லாம் குறி உண்டா? 2.5-ஐ எப்படி எழுதுறது?

உண்டு, ஏராளமாக உண்டு. ஒன்றுக்குக் கீழே இருக்கும் கணக்கில் நம்மவர்கள் போன தூரம் கொஞ்சம் நஞ்சமல்ல. அரை, கால், அரைக்கால் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே பதினாறில் ஒன்று மாகாணி, அதையே வீசம் என்றும் சொல்வார்கள். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. ஏன் 320 என்றால், அதை வைத்துக்கொண்டால் எல்லாம் முழுசாக வகுபடும்: காணிக்கு நாலு முந்திரி, மாவுக்குப் பதினாறு, காலுக்கு எண்பது. மாகாணி என்ற பெயரைப் பிரித்தாலே விடை வந்துவிடுகிறது. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் இருபது முந்திரி, அதுதான் பதினாறில் ஒன்று. முந்திரியோடும் நிற்கவில்லை, அதையும் 320 கூறு போட்டுக் கீழ்முந்திரி என்று பெயர் வைத்தார்கள். ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதையெல்லாம் எண்சுவடியாக மனப்பாடம் செய்தார்கள்.

இவற்றின் குறிகள் 2019-இல் வந்த யூனிகோடு 12 பதிப்பில் 'தமிழ்த் துணைத் தொகுதி' என்ற பெயரில் சேர்ந்தன. ஆனால் பெரும்பாலான எழுத்துருக்களில் அவை இல்லை, கட்டம்தான் தெரியும். அதனால் இங்கே அச்சிட்டுக் காட்டவில்லை. 2.5-க்கு 'இரண்டரை' என்று எழுத்தால் எழுதிவிடுங்கள். புள்ளி வைத்தே ஆக வேண்டுமென்றால் இடமதிப்பு முறைக்குப் போய் ௨.௫ என்று போடலாம். பழைய முறையில் தசமப் புள்ளிக்கு வேலை இல்லை.

௰௬. போன்ல ௧ எங்கே இருக்குன்னு தெரியலை. க-ன்னே அடிச்சா என்ன, பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு?

பார்க்க ஒன்று, கணினிக்கு இரண்டு. எழுத்து க வேறு, எண் ௧ வேறு. உ-வும் ௨-வும், அ-வும் ௮-வும் அப்படியே.

ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய வரியில் ஆண்டு உ0உ௫ என்று இருந்தது: இரண்டு இடத்தில் எழுத்து உ, நடுவில் சாதாரண 0, கடைசியில் மட்டும் நிஜமான ௫. அவர் போனில் அழகாகத்தான் தெரிந்திருக்கும். நான் தலைப்புக்கான எழுத்துருவுக்கு மாற்றியதும் உ இரண்டும் பிள்ளையார் சுழி மாதிரி வால் நீட்டிக்கொண்டன, 0 ஒல்லியாக ஒடுங்கியது, ௫ மட்டும் வேறு உயரத்தில் நின்றது. நாலு இலக்கம் நாலு ஊரில் இருந்து வந்த மாதிரி. விசைப்பலகையில் கிடைக்கவில்லையென்றால் இந்த வரியை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: ௦ ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯ ௰ ௱ ௲

அச்சுக்கு அனுப்பும் முன்பு ௱, ௲ இரண்டும் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். அலங்கார எழுத்துருக்களில் இவற்றை விட்டுவிடுகிறார்கள்.

௰௭. கம்ப்யூட்டரே மாத்திக் கொடுக்காதா?

மாற்றும். ஆனால் பல மாற்றிகள் கொடுப்பது இடமதிப்பு விடை. 2025 கொடுத்தால் ௨௦௨௫ வருகிறதா, ௨௲௨௰௫ வருகிறதா என்று முதலில் சோதியுங்கள். இணையப் பக்கம் வடிவமைப்பவர்கள் பயன்படுத்தும் சிஎஸ்எஸ்ஸில் பட்டியலுக்குத் தமிழ் எண் கேட்டாலும் பத்தாவது வரிக்கு ௰ வராது, ௧௦ தான் வரும்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு சுவையான விஷயம். பைத்தானில் ௨௫ என்ற சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் ஒழுங்காக 25 தரும். ௨௰௫ கொடுத்தால் பிழை என்று துப்பிவிடும். ௦ முதல் ௯ வரை இருப்பவற்றை யூனிகோடு பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்துகிறது. ௰, ௱, ௲ மூன்றும் 'மற்ற எண்கள்' என்ற கூடையில் இருக்கின்றன. பழைய முறை வேண்டுமென்றால் நாமே எழுத வேண்டியதுதான். ஆயிரத்தால் வகுத்து ஈவைத் தனியாக மாற்று, ௲ சேர், மீதியை நூறால் வகு, இப்படியே கீழே வா, ஈவு ஒன்று என்றால் இலக்கத்தை விடு. இருபது வரிக்குள் முடியும். ஈவு சுழியமாக வந்தால் குறியையும் சேர்க்கக் கூடாது என்பதை மறந்துவிட்டு, என் முதல் நிரலில் 2005-க்கு ௨௲௱௰௫ வந்தது. அது 2115.

௰௮. 'ஐந்தாம் ஆண்டு நினைவஞ்சலி'ன்னு போட ௫ஆம்-னு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் நடுவில் சிறுகோடு போடுங்கள்: ௫-ஆம், ௰௧-ஆம். இல்லையென்றால் ௧ஆம் என்பதைக் 'கஆம்' என்று படிப்பார்கள். தமிழ் எண்ணை ஒட்டி எழுத்து வந்தால் கண் அதையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது.

௰௯. வண்டி நம்பர் பிளேட்ல தமிழ் எண் போட்டுத் தருவீங்களா?

மாட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 50ஆவது விதி பதிவெண்ணின் எழுத்துகள் ஆங்கிலத்திலும் எண்கள் 1, 2, 3 வடிவத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. ஆசைக்காகப் போட்டுவிட்டு அபராதம் கட்டியவர்கள் என்னிடமே வந்து புலம்பியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் கதவு எண்ணைத் தமிழில் போடுங்கள், கொரியர்காரர் வசதிக்குக் கீழே சின்னதாக வழக்கமான எண்ணையும் சேர்த்துவிடலாம்.

௨௰. நம்ம ரூபாய் நோட்டுல தமிழ் எண் இருக்கா?

இந்திய நோட்டின் பின்பக்கத்தில் மொழிகளின் பட்டியலில் 'நூறு ரூபாய்' என்று தமிழ்ச் சொல் இருக்கும். தமிழ் எண் இருக்காது. தமிழ் எண் பார்க்க வேண்டுமென்றால் மொரீசியஸ் நோட்டைத் தேடுங்கள். அங்கே நோட்டின் மதிப்பு தமிழிலும் அச்சாகிறது. 1998-இல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தியை வைத்துவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டி வந்தது.

௨௰௧. இதை வச்சு கூட்டல் கழித்தல் போட முடியுமா?

சின்னக் கணக்கு போடலாம். 48-உம் 75-உம் கூட்டுவோம்: ௪௰௮, ௭௰௫. ஒன்றுகளை முதலில் சேருங்கள். ௮-உம் ௫-உம் ௰௩. அந்த ௰-ஐப் பத்துகளின் பக்கம் தள்ளுங்கள்: நாலு, ஏழு, ஒன்று, மொத்தம் பன்னிரண்டு பத்து. பத்துப் பத்து ஒரு ௱, மிச்சம் ௨௰. விடை ௱௨௰௩. கடையில் சில்லறையைப் பத்து ரூபாய்த் தாளாகவும், தாளை நூறாகவும் மாற்றிக்கொள்வது போலத்தான். பெரிய பெருக்கலுக்கு இது சரிப்படாது. அதற்கு வாய்பாட்டை நெட்டுரு போட்டார்கள்.

௨௰௨. நான் சரியா எழுதுறேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்களை எழுதிப் பாருங்கள். பார்க்காமல் எழுதிவிட்டு அப்புறம் சரிபாருங்கள். நாயன்மார்கள் 63: ௬௰௩. திவ்ய தேசம் 108: ௱௮. குறளின் அதிகாரங்கள் 133: ௱௩௰௩. பாடல் பெற்ற தலங்கள் 274: ௨௱௭௰௪. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தின் நாலாயிரம்: ௪௲. குறள்கள் 1330: ௲௩௱௩௰. இந்தக் கடைசி விடை உங்களுக்கு ௧௩௩௦ என்று வந்திருந்தால் கேள்வி ௬-க்கும், ௧௲௩௱௩௰ என்று வந்திருந்தால் கேள்வி ௪-க்கும் ஒரு நடை திரும்பப் போய் வாருங்கள்.